மயக்கக் காற்றும் பனங்கிழங்கும்

என் தங்கச்சிக்குப் பித்தப்பையில் கல். எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் மாப்பிள்ளை குவைத்தில், லீவு கிடைக்கவில்லை. நான் ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டு, அந்தச் சமயம் வேலை ஒன்றும் இல்லாமல் முட்டத்தில் அவள் வீட்டில் வந்து கிடந்தேன். அதனால் ஆஸ்பத்திரிக்குத் துணை போகும் வேலை என் தலையில் விழுந்தது.

அவளுக்குக் கத்திக்குப் பயம் கிடையாது. மீன் வெட்டி வெட்டிக் கையெல்லாம் தழும்பு. மயக்கம் கொடுப்பதற்குத்தான் பயந்தாள். அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குக் குடல்வால் வீங்கி, கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றைக் கீறியபிறகு அவளுக்கு முழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் யார் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டையோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்கறியா, கோழியா என்று. கோழி போட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்குவார்கள் என்று அந்தப் பெண் சொன்னாளாம். அந்தப் பேச்சு நடக்கும்போதே வயிற்றுக்குள் கை போய்வந்துகொண்டிருந்தது. வலியைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை.

வார்டுக்கு வந்ததும் இதைச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் கனவு என்றார். அம்மா, மருந்துச் சூடு என்றாள். ஜெபம் செய்ய வந்த பெண்கள், பிசாசு காட்டுகிற தோற்றம் என்றார்கள். நான் அப்போது அரபு நாட்டில் இருந்தேன். போனில் கேள்விப்பட்டதோடு சரி. அதன்பிறகு அவள் மல்லாந்து படுத்துத் தூங்கி யாரும் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்து, லைட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவாள். அடுக்களையில் ஒரு பாத்திரம் உருண்டால் போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். கட்டிக்கொண்டவனுக்கும் அது பழகிப்போயிற்று.

இந்தத் தடவை போனது நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளும் அங்கே உண்டு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் மயக்க டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண், மதுரைப் பக்கத்துப் பேச்சு. மேற்படிப்பு படித்துக்கொண்டே வேலையும் பார்க்கிறாராம். தங்கச்சி அவரிடம் பழைய கதையைச் சொன்னாள். கோழிக்கறி வரைக்கும் சொன்னாள். டாக்டர் சிரிப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அது கனவு இல்லைம்மா. எப்பவாவது அப்படி நடக்கும். உடம்பு அசையாம இருக்க ஒரு மருந்து, தூங்குறதுக்கு ஒரு மருந்துன்னு தனித்தனியா குடுப்போம். அசையாம இருக்கிற மருந்து நல்லா வேலை செஞ்சு, தூங்குற மருந்து பத்தாமப் போனா உங்களுக்கு நடந்த மாதிரிதான் நடக்கும்."

தங்கச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அவளை நம்பிய முதல் ஆள் அந்தப் பெண்தான். எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு இளகிப்போயிற்று. அடுத்த நிமிஷமே டாக்டர் இன்னொரு விஷயத்தை எடுத்தார்.

"மூச்சு வழியா குடுக்கிற தூக்க மருந்துல ரெண்டு வகை வச்சிருக்கோம். ரெண்டுமே நல்ல மருந்து. காத்தோட ஓட்டத்தைக் குறைச்சு வச்சுக் குடுக்கும்போது எதுல நோயாளி சீக்கிரமா, தெளிவா எந்திரிக்கிறாங்கன்னு ஒப்பிட்டுப் பாக்குறோம். உங்களுக்குச் சம்மதம்னா நீங்களும் சேரலாம். வேண்டாம்னா வேண்டாம், அதனால வைத்தியத்துல ஒரு குறையும் வராது."

முதலில் நம்புகிறேன் என்று சொன்னது எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். ஆள் சேர்க்கிறவன் முதலில் குடும்ப விவரம் கேட்பான், அம்மா சுகமா என்பான். என்னை அரபு நாட்டுக்கு ஏற்றிவிட்ட ஏஜென்ட்டும் அப்படி ஸ்டூலை இழுத்துப்போட்டுத்தான் உட்கார்ந்தான்.

"யாருக்கு எந்த மருந்துன்னு யாரு முடிவு பண்ணுவா?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர். குலுக்கல் மாதிரி."

"எனக்கத் தங்கச்சி என்ன கேரளா லாட்டரியா?"

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "கேளுங்க ஐயா, எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க" என்றார். கேட்டேன். ஓட்டத்தைக் குறைப்பது என்றால் என்ன? நோயாளி வெளியே விடுகிற மூச்சை வீணாக்காமல், ஒரு டப்பாவில் இருக்கிற சுண்ணாம்பு வழியாக விட்டுக் கெட்ட காற்றை எடுத்துவிட்டு, மிச்சத்தைத் திருப்பி அவருக்கே கொடுப்பது. புதிதாகக் கொஞ்சம் சேர்த்தால் போதும். மருந்து வீணாகாது, வெளிக்காற்றும் கெடாது.

மிச்சம் என்ற சொல்தான் என் காதில் நின்றது. வடசேரியில் ஒரு சாயாக்கடையில் இரண்டு வருஷம் நின்றிருக்கிறேன். காலையில் வடை போட்ட எண்ணெய்க்குச் சாயங்காலம் கொஞ்சம் புது எண்ணெய் சேர்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அதோடு, மயக்க மெஷினை நான் பார்க்காதவனும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் புத்தகத்தை வைத்துவிட்டுக் கிளம்பியவன் நான். விசைப்படகு, சாயாக்கடை, குலசேகரத்தில் ரப்பர்ப் பால் எடுப்பு என்று போய், அரபு நாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் கழுவுகிற வேலையில் சில வருஷம் இருந்தேன். அங்கே மெஷினில் கண்ணாடிக் குழாய்க்குள் சின்ன மிதவை ஒன்று உண்டு. காற்று கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். எந்த நேரமும் அது மேலே நின்று துள்ளும். உஸ் என்ற சத்தம் ஓயாது. கசிகிற மருந்தில் எங்களுக்கே தலை கனக்கும். அந்தச் சத்தத்தில் படுத்தவர்கள் யாரும் நடுவில் முழித்ததாக நான் கேட்டதில்லை. சத்தமில்லாத மெஷினில் எப்படி ஒருத்தி தூங்குவாள்?

டாக்டருக்கு என் கேள்விகள் அலுத்திருக்க வேண்டும். தியேட்டரில் மெஷினைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் பெண்ணைக் கூப்பிட்டு, "இவருக்குக் காலியா இருக்கிற ரூம்ல மெஷினைக் காட்டிரும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டெக்னீஷியன் பூதப்பாண்டிக்காரி. முப்பது வயது இருக்கும். வாய் ஓயாது. "செருப்பக் கழத்தும் அண்ணாச்சி, ஒண்ணையும் தொடப்பிடாது" என்று சொல்லிக்கொண்டே கூட்டிப்போனாள். மெஷினில் இரண்டு மருந்துப் பெட்டிகள். மஞ்சள் அடையாளம் போட்டது ஒன்று, நீலம் போட்டது ஒன்று. நீலப் பெட்டியிலிருந்து ஒரு வயர் போயிற்று.

"இதுக்கு மட்டும் எதுக்குக் கரண்டு?"

"நீலம் நம்ம ஊரு வெயிலுக்கே கொதிக்கப் பாக்கும். அதனால அதை ஒரே சூட்டுல அடக்கி வச்சுத்தான் விடணும். மஞ்சள் அப்பிராணி. வாசமும் பெரிசா உறுத்தாது, பிள்ளையளுக்குக்கூட மூக்குல வச்சே தூங்க வச்சிரலாம். நீலம் நெடி. முதல்லயே வச்சா இருமும். அதனால ஊசியில தூங்க வச்சபிறகுதான் அதைத் திறக்கது. ஆனா மூடினா பொசுக்குன்னு எந்திரிச்சிருவாவ. மஞ்சள்ல கொஞ்சம் சுணங்கும்."

"சீக்கிரம் எந்திரிக்கது நடுவுலயே எந்திரிச்சா?"

"நீரு நல்லது நெனைக்கவே மாட்டீரா?"

சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்தேன். உருண்டைகள் வெள்ளையாக இருந்தன. எனக்குப் பழைய சந்தேகம் ஒன்று கிளம்பியது. அரபு நாட்டில் அந்த உருண்டைகள் தீர்ந்துபோனால் ஊதா நிறமாகும். ஆனால் ஒரு நாள் சும்மா கிடந்தால் திரும்ப வெள்ளையாகிவிடும். வெள்ளிக்கிழமை லீவு முடிந்து வந்த ஒருவன், புதுசு என்று நினைத்து அதையே போட்டு ஓட்டி, பெரிய டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். இதை நான் சொன்னதும் அவள் அசந்துபோவாள் என்று நினைத்தேன்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அண்ணாச்சி. கலரை நம்பி இப்ப யாரு ஓட்டுதா? உள்ள போற மூச்சுல கெட்ட காத்து எவ்வளவு, மருந்து எவ்வளவு, எல்லாத்தையும் ஸ்கிரீன் காட்டிட்டே இருக்கும். ஏறினா கத்தும். நீரு பாத்த மெஷினு எங்க ஆஸ்பத்திரியில பழைய இரும்புக்குப் போயாச்சு."

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஸ்கிரீனைப் பார்ப்பதும் அவர்கள்தான், எனக்குச் சொல்லப்போவதும் அவர்கள்தான். நாளைக்கு உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு யார் சாட்சி?

அங்கே நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது.

"பிள்ளே, எனக்கு ஒரு உபகாரம் செய்யியா? நாளைக்கு நடு ஆபரேஷன்ல அவ காதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. முடிஞ்சு வந்தபிறகு நான் அவகிட்டக் கேக்கேன். அவளுக்குத் தெரியலன்னா நீங்க நல்லாத் தூங்க வச்சீங்கன்னு நம்புதேன்."

"என்ன வார்த்தை?"

தியேட்டரில் யாரும் தற்செயலாகச் சொல்லிவிடக்கூடாத வார்த்தையாக இருக்கவேண்டும். "பனங்கிழங்கு" என்றேன்.

அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். டாக்டருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, "சரி, சொல்லுதேன். வாக்கு" என்றாள்.

தங்கச்சியிடம் இதைச் சொல்லவில்லை. நீலம், மஞ்சள் எல்லாம் சொல்லி, இந்த ஒப்பிடுகிற வேலையில் சேரவேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

"நான் சேருதேன்" என்றாள்.

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? அன்னைக்கு நெறையக் குடுத்தே முழிச்சவ நீ. இது கொறச்சுக் குடுக்கதாம்."

"அன்னைக்கு நெறையக் குடுத்தாங்கன்னு உனக்கு யாரு சொன்னா? அந்த டாக்டரம்மா விளக்கிச் சொல்லிச்சுல்லா. கொறைக்கது காத்தோட ஓட்டத்தை. எனக்க உடம்புக்குள்ள போற மருந்தை இல்ல. நெத்தியில ஒரு பட்டை ஒட்டுவாங்களாம், நான் தூங்குதேனான்னு அதுல தெரியுமாம்."

"அது சொன்னா நம்பிருவியா?"

"அது என்னைய நம்பிச்சு அண்ணே."

மறுநாள் காலையில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு, கதவு வரும்வரைக்கும் விடவில்லை. வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார எனக்கு முடியவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் உஸ் என்ற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டினேன். வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து, முழிப்புப் பார்க்கிற அறைக்கு அவளை மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். டெக்னீஷியன் பெண் கால்மாட்டில் நின்று வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சி கண்ணைத் திறந்திருந்தாள். நான் நினைத்ததைவிட முகம் தெளிவாக இருந்தது. குனிந்து, "மக்கா, எப்படி இருக்கு?" என்றேன்.

தொண்டை கரகரக்க அவள் சொன்னாள்: "அண்ணே... உள்ள யாரு பனங்கிழங்கு கேட்டா?"

மறுபடியும் நடந்துவிட்டது. வயிற்றுக்குள் கருவியை விட்டு ஆட்டிக்கொண்டிருக்கும்போது இவள் முழித்துக் கிடந்திருக்கிறாள். போன தடவை கோழிக்கறி, இந்தத் தடவை பனங்கிழங்கு.

நான் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில்களில் கிடந்தவர்களும் முழித்திருப்பார்கள். மிச்சக் காற்றைக் கொடுத்து ஏமாற்றிவிட்டீர்கள், ஏழைகளை வைத்துச் சோதனை பார்க்கிறீர்கள், இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். ஒரு நர்ஸ் ஓடிப்போய் மயக்க டாக்டரைக் கூட்டிவந்தார். நான் முழுக் கதையையும் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. டெக்னீஷியன் பெண்ணைப் பார்த்தார்.

"நீ சொன்னியா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "சொன்னேன் மேடம்."

"எப்போ?"

"நடுவுல சொல்லணும்னுதான் இருந்தேன். வேலை மும்முரத்துல மறந்துபோச்சு. எல்லாம் தச்சு முடிச்சு, நீங்க மருந்தை மூடிட்டு ஆக்சிஜனைக் கூட்டித் திறந்தீங்கல்லா, அப்பத்தான் ஞாபகம் வந்துது. அண்ணாச்சிக்கு வாக்குக் குடுத்தாச்சேன்னு காதுகிட்டப் போய் மூணு தடவை சொன்னேன்."

"மருந்தை மூடின பிறகு?"

"மூடின பிறகு."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார். "உங்க தங்கச்சிக்குக் குலுக்கல்ல வந்தது நீல மருந்து. மூடினதும் வெளியேறிடும். அதனால காது கேட்டிருச்சு. இதே மஞ்சளா இருந்திருந்தா அந்த நேரத்துல அநேகமா அவங்க இன்னும் அசந்துதான் கிடந்திருப்பாங்க. நீங்க வச்ச பரீட்சை, எழுந்திரிக்கிற நேரத்துல நடந்துபோச்சு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறந்துவிட்டேன் என்பதும் பிறகு சொன்னேன் என்பதும் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள யாரும் சொல்லக்கூடியதுதான். டாக்டர் என்னைக் கூட்டிப்போய், ஸ்கிரீனில் பதிவாகியிருந்த கோடுகளைக் காட்டினார். ஆபரேஷன் முழுக்க மருந்து இந்த அளவில் நின்றது, இதோ இங்கே மூடினோம், இறங்கிவிட்டது என்று விரலை வைத்துச் சொன்னார். சமமாக ஓடிய கோடு, கடைசியில் மலைச்சரிவு மாதிரி விழுந்திருந்தது. படகில் மீன் தேடுகிற எக்கோ மெஷின் காட்டுகிற கோடுகளையும் நான் பார்த்தவன்தான். அடியில் மீன் மலைபோலக் கிடப்பதாக அது காட்டும். வலையை ஏற்றினால் முழுக்கச் சொறி என்கிற ஜெல்லி மீனாக இருக்கும், கையெல்லாம் அரித்துக்கொண்டு கரைக்கு வருவோம். கோடுகளை வைத்து நான் எதை நம்புவது?

திரும்பி வந்து தங்கச்சியின் பக்கத்தில் நின்றேன். "மக்கா, பயப்படாம சொல்லு. வேற என்ன கேட்டுது? வயித்துல கை வச்சது தெரிஞ்சுதா? யாராவது பேசினாங்களா?"

"இல்லண்ணே. கையில ஊசி போட்டாங்க. பிறவு பனங்கிழங்கு. பிறவு கண்ணைத் தொறன்னு டாக்டரம்மா கூப்பிட்டுது. நடுவுல ஒண்ணும் இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாரு. உனக்கு மறந்துருக்கும்."

"இல்லன்னு சொல்லுதேன்லா."

"அவங்களுக்குப் பயந்து சொல்லாத. நான் இருக்கேன்."

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். குரல் பலமில்லாமல்தான் வந்தது. ஆனால் அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"அன்னைக்குக் கேட்டுதுன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல. இன்னைக்குக் கேக்கலன்னு சொல்லுதேன். நீ நம்பமாட்டேங்குத. எனக்க வயித்துக்குள்ள நடந்தது எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

டெக்னீஷியன் பெண் வயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டாள். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வந்து குழாயில் முகத்தைக் கழுவினேன்.

டெக்னீஷியனுக்கு வேலை போகவில்லை. திட்டு மட்டும் விழுந்தது என்று பிறகு அவளே சொன்னாள். என்னை எங்கே பார்த்தாலும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இனி யாருக்காவது வாக்குக் குடுப்பனா?" என்பாள். ஒப்பிட்டதில் எந்த மருந்து ஜெயித்தது என்று டாக்டரிடம் கேட்டேன். இன்னும் ஆட்களைச் சேர்த்து முடியவில்லை, முடிந்தாலும் ஜெயிக்கிறது தோற்கிறது என்று இதில் இல்லை என்றார். மழுப்புகிறார் என்றுதான் அப்போதும் தோன்றியது. என் சுபாவம் அப்படி.

மறுநாள் மத்தியானம் வார்டில் கஞ்சி குடித்துவிட்டு, தங்கச்சி தலையணையைத் தட்டிப் போட்டாள். சுவரில் வைத்துச் சாயப்போகிறாள் என்று நினைத்தேன். தலையணையைக் கட்டிலில் கிடத்தி, வயிற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மல்லாந்தாள். "அந்த லைட்டை அணைச்சிரு அண்ணே, கண்ணு கூசுது" என்றாள். அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்துகொண்டது. மூச்சு சீராக ஏறி இறங்கியது. தரையில் ஒரு எவர்சில்வர் தட்டு விழுந்து உருண்டது. அவள் கை வயிற்றுக்குப் போகவில்லை.

தூங்குகிறாளா, எனக்காக நடிக்கிறாளா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து அவள் காதுப் பக்கம் போய், மெதுவாக, "பனங்கிழங்கு" என்றேன். இமை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

பக்கத்துக் கட்டில்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எங்க விக்குது அண்ணாச்சி? எனக்கும் ஒரு கட்டு வாங்கும்."